நாலு கிலோ கீபோர்டு

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வீட்டுச் சொந்தக்காரர் கருணாம்பாள் அம்மா இன்று மாடிக்கு வந்தார். கீழ்வீட்டில் தனியாக இருப்பவர், முட்டிவலிக்காரர். ஏதாவது வேண்டுமென்றால் கீழேயிருந்து குரல் கொடுப்பதுதான் வழக்கம். அவரே படியேறி வருகிறார் என்றால் நல்ல சேதியாக இருக்காது என்று அப்போதே நினைத்தேன்.

"தம்பி, மேல என்னதான் பண்றீங்க? காலைல டொக்கு டொக்குன்னு ஆரம்பிச்சா பொழுதுக்கும் நிக்கறதில்ல. என்னத்தையாச்சும் போட்டு இடிக்கறீங்களா?"

"ஒண்ணும் இடிக்கலீங்கம்மா. கீபோர்டுதான்."

இது மெக்கானிக்கல் கீபோர்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் தனித்தனி ஸ்பிரிங் உண்டு, அடிக்கிற சுகமே தனி என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் விளக்கம் கேட்க வரவில்லை.

"ஆயுத பூஜை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள சத்தம் நிக்கோணும். இல்லீன்னா வேற வீடு பாத்துக்கங்க. சண்டை சச்சரவெல்லாம் வேண்டாம், நல்லபடியாச் சொல்லிப்போட்டேன்."

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வாழ்நாள் முழுக்க ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தவர். வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றிருக்கிறார், காது இன்னும் பெறவில்லை.

அவர் இறங்கிப் போனதும் சமையலறையிலிருந்து வாசுகி வந்தாள். கரண்டி கையிலேயே இருந்தது.

"ஏனுங்க, இது மூணாவது வீடு. எனக்கு ஸ்கூல் அடுத்த தெரு. குழாயத் திறந்தா சிறுவாணித் தண்ணி வருது. இன்னொருக்கா அட்டப்பெட்டியில சாமானத்தக் கட்டச் சொன்னீங்கன்னா, நானே ஒரு பெட்டிக்குள்ள உக்காந்துக்குவேன். தூக்கிட்டுப் போங்க."

முந்தைய இரண்டு வீடுகளிலும் கீழ்வீட்டுக்காரர்கள் காரணமே இல்லாமல் சண்டைக்கு வந்தவர்கள். கோயமுத்தூரில் கீழ்வீட்டில் குடியிருப்பவர்களுக்கே ஏதோ கோளாறு இருக்கிறது.

"சாதாரணக் கீபோர்டு ஒண்ணு வாங்கிக்கலாமல்ல?" என்றும் கேட்டாள். எட்டு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவள் கேட்கிற கேள்வியா இது!

ஆகஸ்ட் 20, செவ்வாய்

யோசித்துப் பார்த்ததில் குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது. ஸ்பிரிங் அல்ல, பட்டன் அல்ல. எல்லாவற்றையும் தாங்குகிற பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே வெறும் காற்று. விரல் தட்டுவதை வாங்கி மேசைக்குக் கொடுக்கிறது, மேசை தரைக்குக் கொடுக்கிறது, தரை கருணாம்பாள் அம்மாவுக்குக் கொடுக்கிறது.

ஆக, நானே ஒரு பெட்டி வடிவமைக்கப் போகிறேன். பட்டன்கள் உட்கார்ந்திருக்கும் தகடு பெட்டியைத் தொடவே தொடாது. மேலும் கீழும் ரப்பர் துண்டுகள், நடுவில் தகடு மிதக்கும். இதற்கு கேஸ்கட் முறை என்று பெயர். சத்தம் ரப்பரோடு நின்றுவிடும்.

நாள் முழுக்க டிராயிங். வாசுகி வந்து என்னமோ சொன்னாள், "எத்தன தடவதான் சொல்றது" என்று முடித்தாள். அளவெடுக்கும் நேரத்தில் எதுவும் காதில் ஏறுவதில்லை. டீ கொடுத்துவிட்டுப் போனாள். அவளுக்கு டம்ளரை அளவாக நிரப்பத் தெரியவில்லை, வைத்த கொஞ்ச நேரத்தில் மேசையெல்லாம் டீ.

ஆகஸ்ட் 24, சனி

ரப்பர் ஷீட் வாங்க டவுன் பஸ்ஸில் போனேன். பக்கத்து சீட்டுக்காரர் "ஏனுங்க, பஸ்ஸு ஆடறது பத்தாதுங்களா?" என்று முறைத்துவிட்டு எழுந்து போய்க் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். உட்கார இடம் கிடைத்தும் நிற்கிற ஆளை இன்றுதான் பார்க்கிறேன்.

ரப்பர் ஷீட் செருப்பு அடிபோல் கெட்டியாக இருக்கிறது. உதவாது.

ஆகஸ்ட் 31, சனி

சரியான ரப்பர் கிடைத்துவிட்டது! கை வைத்தால் அமுங்குகிறது, விட்டால் எழும்புகிறது. கண்ணெதிரிலேயே இருந்திருக்கிறது, பார்க்கத் தெரியவில்லை. குக்கர் கேஸ்கட். வளையத்தில் கால்வாசிதான் எனக்குத் தேவைப்பட்டது. பிளேடால் பத்துத் துண்டு போட்டேன்.

மாலை. குக்கர் விசில் அடிக்கவில்லை. மூடியைச் சுற்றிப் புஸ்ஸென்று ஆவி போயிற்று. வாசுகி மூடியைத் திறந்து பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நடந்ததை எழுத விருப்பமில்லை. ராத்திரிக்கு ஹோட்டல் இட்லி.

மிச்சமிருந்த கேஸ்கட்டைக் கேட்டாள். தரவில்லை. ரப்பர் துண்டு ஏதாவது பிய்ந்துபோனால் நான் எங்கே போவேன்? இழுப்பறையில் வைத்துவிட்டேன். அவள் புதுசு வாங்கிக்கொண்டாள்.

செப்டம்பர் 7, சனி, பிள்ளையார் சதுர்த்தி

பிளைவுட் பெட்டி முடிந்தது. அடுக்கடுக்காக வெட்டி, பசை போட்டு, மேலே செங்கல் வைத்து அழுத்தி, உப்புத்தாள் தேய்த்து, வார்னிஷ் அடித்து. பிள்ளையார் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டேன். வாசுகியே "நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

வயர் போக ஓட்டை வைக்கவில்லை.

துளை போட்டு, உடைந்த விளிம்பை ஒட்டி, காயவைத்தேன். அதனால் இன்று கீபோர்டைத் தொடவே இல்லை. மேசைமுன் உட்கார்ந்து லேப்டாப்பில் கிரிக்கெட் பார்த்தேன். கடைசி ஓவர் வரை இழுபறி, உயிர் போய் உயிர் வந்தது.

மேட்ச் முடிந்ததும் கீழேயிருந்து குரல்: "தம்பி, ஞாயித்துக்கெழமகூட விடமாட்டீங்களா? இன்னைக்கு என்ன, குதிர ஓடற மாதர கேக்குது!"

பொய்! பச்சைப் பொய்! கீபோர்டு அலமாரியில் காய்ந்துகொண்டிருக்கிறது. இந்த அம்மாளுக்குச் சத்தம் காதுக்குள்ளேயே இருக்கிறது. இவர்களோடு எப்படி நியாயம் பேசுவது?

செப்டம்பர் 14, சனி

பரீட்சை நாள். வாசுகி கீழே போய்க் கருணாம்பாள் அம்மாவோடு உட்கார்ந்து எனக்குப் போன் போட்டாள். நான் மேசையில், புதுப் பெட்டியில் கீபோர்டு, போன் ஸ்பீக்கரில்.

"ம், அடிங்க."

அடித்தேன். என் வேலையே அடிப்பதுதான். பெங்களூர்க் கம்பெனி ஒன்றின் வாடிக்கையாளர்கள் போடுகிற புகாருக்கெல்லாம் வருத்தம் தெரிவித்துப் பதில் எழுதுகிறேன். வழக்கமான பதிலையே அடித்தேன். எவ்வளவு மெத்தென்ற சத்தம்! எனக்கே கண் கலங்கியது.

"கேக்குதுங்க."

விரலை மென்மையாக வைத்தேன்.

"இன்னும் கேக்குது."

ஒற்றை விரலால், பூவைத் தொடுகிற மாதிரி.

"இப்பத்தான் நெம்பக் கேக்குது" என்றது கருணாம்பாள் அம்மாவின் குரல்.

எனக்குப் படபடப்பாகிவிட்டது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டேன்.

"இப்ப?"

"கேக்குதுங்க."

"நான் அடிக்கவே இல்ல வாசுகி! கை ரெண்டும் மேல இருக்குது!"

பிறகு யாரோ படியேறும் சத்தம். வாசுகி வாசற்படியில் நின்று, கை தூக்கியபடி இருந்த என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள், ஏதோ கீழே விழுந்ததைத் தேடுகிற மாதிரி. இறங்கிப் போய்விட்டாள். கீழே இரண்டு பெண்களும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. மரம் சத்தத்தைக் குடித்து வைத்துக்கொள்கிறது. அடித்து முடித்த பிறகு மெல்ல மெல்ல வெளியே விடுகிறது. இதைப் பற்றி இணையத்தில் ஒருவனும் எழுதியதாகத் தெரியவில்லை. நான் எழுதலாம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்று ஒரு நல்ல விஷயம். சாப்பிடும்போது வாசுகி தன் இடது கையை என் முட்டியில் வைத்தாள். வைத்தவள் எடுக்கவே இல்லை. சாம்பார், ரசம், மோர் முடிகிறவரை அப்படியே அழுத்திப் பிடித்திருந்தாள். கல்யாணமாகி எட்டு வருடத்துக்குப் பிறகும் இப்படி ஓர் ஆசை! எனக்குக் கூச்சமாகிவிட்டது.

பிறகு, "அந்தக் கேஸ்கட்டு மிச்சம் எங்க வெச்சிருக்கீங்க?" என்றாள். குக்கர் கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது. தரமுடியாது, அடுத்த பெட்டிக்கு வேண்டும் என்றேன்.

"அடுத்த பெட்டியா?"

கையை எடுத்துவிட்டாள்.

செப்டம்பர் 18, புதன்

மரம் வேண்டாம். அலுமினியம். ஒரே கட்டியில் குடைந்த பெட்டி. கனம்தான் சத்தத்துக்கு எமன். நகராத பொருள் எப்படிச் சத்தம் போடும்?

கணபதியில் நாச்சிமுத்து என்பவருடைய பட்டறையில் டிராயிங்கைக் கொடுத்தேன். மோட்டார் பம்புக்குப் பாகம் கடைகிறவர். கீபோர்டுப் பெட்டி என்று இரண்டு முறை சொன்னேன். "செஞ்சர்லாமுங்க, கவலைய உடுங்க" என்றார். நம்பிக்கையாக இருந்தது.

செப்டம்பர் 28, சனி

பெட்டி வந்துவிட்டது, நாச்சிமுத்துவின் பட்டறைக்குப் போய் வாங்கிவந்தேன். என்ன பளபளப்பு! என்ன வழவழப்பு! வயர் ஓட்டையும் இருக்கிறது, இந்த முறை டிராயிங்கில் அதற்கு மட்டும் சிவப்பில் வட்டம் போட்டிருந்தேன்.

ஆனால் நாலு மூலையிலும் என் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டைகள். டிராயிங்கில் இல்லவே இல்லை.

"இதென்னங்க?"

"பவுண்டேசன் போல்ட்டுக்குங்க. நீங்க மறந்துட்டீங்க போல. இம்புட்டு கனத்துக்குத் தரையில போல்ட்டு போட்டு முறுக்கலைன்னா ஓடறப்ப அதிருமுங்க. நானே சேத்துப் போட்டு வெச்சுட்டேன்."

"இது கீபோர்டுங்க."

"எத்தன எச்பி?"

கோயமுத்தூரில் எந்தப் பெட்டியைக் கொடுத்தாலும் அதற்குள் ஒரு மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்துவிடுகிறார்கள். எடைபோட்டால் நாலு கிலோ. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், இறங்கும்போது இரண்டு காலும் மரத்துப் போயிருந்தன. பக்கத்து சீட்டுக்காரர் இந்த முறை எழுந்து போகவில்லை, இறங்கும் இடம்வரை தூங்கிக்கொண்டே வந்தார்.

அக்டோபர் 5, சனி

தகட்டைப் பொருத்தி, ரப்பர் துண்டுகளை வைத்து, திருகி முடித்தேன். எழுத்துகள் மேல் விரலை ஓடவிட்டால் மழைத்துளி மணலில் விழுகிற மாதிரி. இதைவிட அமைதியான கீபோர்டு இந்த ஜில்லாவிலேயே கிடையாது. எழுதித் தருகிறேன்.

வாசுகி கீழே போகும் முன்பே கருணாம்பாள் அம்மா படியேறி வந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"தம்பி, என்னத்தப் பண்ணுனீங்க? முன்னைக்கு இப்ப ஜாஸ்தியாவல்ல இருக்குது!"

அக்டோபர் 6, ஞாயிறு

வீடு பார்க்க ஆள் வந்தார்கள்.

புதுசாகக் கல்யாணமான ஜோடி. கருணாம்பாள் அம்மா கீழேயே நின்றுகொண்டார், எங்கள் முகத்தைப் பார்க்கச் சங்கடம் போல. அந்தப் பெண் சமையலறைக் குழாயைத் திறந்து, ஒரு வாய் குடித்து, "சிறுவாணித் தண்ணிங்களாக்கா?" என்று கேட்டாள். வாசுகி ஆமாம் என்றாள். நல்ல தண்ணீர், கோடையிலும் வரும், காலையில் பிடித்துவைத்தால் போதும், கறிவேப்பிலைத் தொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று அவளே எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். குரல் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற மாதிரி நிதானமாக இருந்தது. அவர்கள் போனதும் குழாயை இறுக மூடினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

எனக்குத் தாங்கவில்லை.

தினமும் முகம் தெரியாத நூறு பேரிடம் வருத்தம் தெரிவிக்கிறவன் நான். வீட்டில் ஒருத்தியிடம் சொன்னதில்லை. இழுப்பறையைத் திறந்து மிச்சக் கேஸ்கட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் கையில் கொடுத்தேன்.

"மன்னிச்சுரு வாசுகி. உன்னோட குக்கரக் கெடுத்தேன், இப்ப வீட்டையும் கெடுத்துட்டேன். நாளைக்கே அந்த அலுமினியத்தப் பழைய இரும்புக் கடையில போட்டர்றேன். லேப்டாப்புலயே அடிச்சுக்கறேன்."

அவள் கேஸ்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. கண்ணில் தண்ணீர் இருந்தது, வாய் சிரித்தது.

"அதெல்லாம் ஒண்ணும் போட வேண்டாம். போய்க் காய்கறி வாங்கிட்டு வாங்க. மெதுவா வாங்க."

மெதுவாகவே போனேன். நான் திரும்பி வரும்போது அறையைப் பெருக்கி முடித்திருந்தாள். கத்தரிக்கோல் மேசைமேல் கிடந்தது.

அக்டோபர் 8, செவ்வாய்

வெற்றி! வெற்றி! வெற்றி!

வாசுகியின் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாயிற்று. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அவளே சொல்லிக் கீழே போனாள். போனில் "அடிங்க" என்றாள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அடித்தேன். ஒரு முழுப் பக்கம், ஓங்கி ஓங்கி.

"அடிக்கறீங்களா?"

"அடிச்சுட்டேதான் இருக்கறேன்!"

"ஒண்ணுமே கேக்கல தம்பி" என்றார் கருணாம்பாள் அம்மா. "வீட்டப் பாக்க வந்தவங்களுக்கு இல்லைன்னு சொல்லிப் போடறேன். இருங்க நிம்மதியா."

நான் படியில் ஓடி இறங்கினேன். சனிக்கிழமை கேட்டது, இன்று ஏன் கேட்கவில்லை என்பதை அவர்களுக்கு விளக்கினேன். அலுமினியம் வீட்டுக்குப் பழக இரண்டு மூன்று நாள் ஆகும். உலோகம் அமர வேண்டும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, என் பேச்சை மிகுந்த கவனத்துடன் கேட்டார்கள்.

"டப்பா நல்லா வேலை செய்யுது தம்பி" என்றார் கருணாம்பாள் அம்மா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார், இருமல் போல.

அக்டோபர் 11, வெள்ளி, ஆயுத பூஜை

காலையில் அறையைச் சுத்தம் செய்ய இரும்பு மேசையை நகர்த்தினேன். மேசையின் நாலு காலுக்கும் அடியில் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். வளைந்த ரப்பர். குக்கர் கேஸ்கட். பெருக்கும்போது உருண்டு போயிருக்கும். நாலு துண்டும், நாலு காலுக்கும் அடியில், சரியாக நடுவில், உருண்டு போயிருக்கும்.

எடுக்கவில்லை. மேசையைத் தூக்கி, ரப்பர் நகராமல், இருந்த இடத்திலேயே வைத்தேன்.

பதினொரு மணிக்குப் பூஜை. வாசுகியின் புத்தகங்கள், அரிவாள்மனை, என் ஸ்க்ரூடிரைவர், ஸ்கூட்டர் சாவி, குக்கர், நடுவில் நாலு கிலோ கீபோர்டு. பொரியும் கடலையும் எடுத்துக்கொண்டு கருணாம்பாள் அம்மாவும் வந்திருந்தார். கீபோர்டுக்கு வாசுகி நாலு மூலையிலும், அந்த போல்ட் ஓட்டைகளுக்குப் பக்கத்தில், சந்தனம் குங்குமம் வைத்தாள். எல்லாம் வட்ட வட்டமாக அழகாக இருந்தன. நான் மேசைமுன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணு, அதுக்கு வெச்சயா?" என்றார் கருணாம்பாள் அம்மா.

"இருங்கம்மா, வெக்கறேன்."

சந்தனக் கிண்ணத்தோடு என் முன்னால் வந்து குனிந்தாள். என் வலது முட்டியில், புது வேட்டியின்மேல், விரலை வைத்தாள்.

"ஏய், வேட்டி!"

"கொஞ்சம் நிறுத்துங்க."

"எத?"

"வட்டமா வரமாட்டேங்குதுங்க."

குனிந்து பார்த்தேன். கீபோர்டில் வட்டமாக இருந்த சந்தனம் என் முட்டியில் நீளக் கோடாக இழுபட்டிருந்தது. முட்டி அதுபாட்டுக்கு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. என்னைக் கேட்கவே இல்லை. கால் கட்டைவிரல் மேசைக்காலில் இடித்து இடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. மேசையே லேசாக ஆடியது.

காதெல்லாம் சூடாகிவிட்டது எனக்கு. கேவலமாக இருந்தது. கீபோர்டு, மரம், அலுமினியம், இரண்டு பழைய வீடுகள், பஸ்ஸில் எழுந்து போன மனிதர் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மணவறையிலயே தெரியும். முன்னால வெச்சிருந்த கும்பமே ஆடிட்டு இருந்துச்சு. இதுதான் கீழ கேக்குதுன்னு மட்டும் அன்னைக்கு நீங்க கையத் தூக்கிட்டு உக்காந்திருந்தப்பத்தான் தெரிஞ்சுது."

"சொல்லியிருக்கலாமல்ல?"

"காலாட்டாதீங்கன்னு எட்டு வருசமா சொல்லிட்டுத்தான இருக்கறேன். உங்க காதுலதான் விழுகல."

"உடுங்க தம்பி" என்றார் கருணாம்பாள் அம்மா. "டப்பா பாக்கறதுக்கு லட்சணமாத்தான் இருக்குது."

இரண்டு கையாலும் முட்டியை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். வாசுகி கோட்டைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். இந்த முறை வட்டமாக வந்தது. குங்குமமும் வைத்தாள். கையை எடுத்ததும் முட்டி மறுபடி ஆட ஆரம்பித்துவிட்டது. மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டோம். சத்தமே இல்லை.

கருணாம்பாள் அம்மா போனபிறகு செப்டம்பர் 15-ஆம் தேதிப் பக்கத்தைப் புரட்டினேன். முட்டியில் கை வைத்தது ஆசையால் என்று எழுதியிருந்ததை அடித்துவிடலாமா என்று பேனாவைக்கூட எடுத்தேன். அடிக்கவில்லை. கொஞ்சம் ஆசையும் இருந்திருக்கும்.